ஸ்விட்ச்சில் க்யூஓஎஸ்: செட்டிநாட்டுப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் இருந்துகொண்டு கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று சுற்றி நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஹோட்டலாக மாறிய பெரிய வீடுகள், ஜவுளிக்கடைகள், இரண்டு மூன்று பள்ளிக்கூடங்கள் என் வாடிக்கை. "ஸ்விட்ச்சுல க்யூஓஎஸ்னு ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டு விடுங்க" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். க்யூஓஎஸ் என்பது 'குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்': நெரிசலில் எது முதலில் போவது என்று ஸ்விட்ச்சுக்குச் சொல்லும் வசதி. ஸ்விட்ச் என்றால் இங்கே கம்ப்யூட்டர், போன், கேமரா கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி. ஒவ்வொருவரிடமும் போனில் அரைமணி நேரம் பேசுவதை விட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஸ்விட்ச்சின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் வரத் தெரிந்தவர்களுக்காக எழுதியது. வீலேன், ஐபி முகவரி என்றால் என்ன என்பதெல்லாம் இதில் இல்லை.

க்யூஓஎஸ் போட்டால் நெட் வேகம் கூடுமா?

கூடாது. கல்யாண வீட்டில் ஒரு பந்திக்கு 100 இலைதான் போட இடம் என்று வையுங்கள். முதல் பந்தியில் யார் உட்காருவது என்று நீங்கள் சொல்லலாம்: மாப்பிள்ளை வீட்டார், வயதானவர்கள், ராமேஸ்வரம் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள். ஆனால் இலை 101 ஆகாது. ஒருவரை முன்னால் விட்டால் இன்னொருவர் அடுத்த பந்திக்கு நிற்கத்தான் வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத பாதி ஒன்று உண்டு. கூட்டம் இல்லாத வீட்டில் யார் எப்போது வந்தாலும் இலை உண்டு, யாரும் வரிசை பார்ப்பதில்லை. ஸ்விட்ச்சும் அப்படித்தான். போர்ட்டில் (கேபிள் மாட்டும் துளையில்) நெரிசல் இல்லாத நேரத்தில் நீங்கள் என்ன முன்னுரிமை கொடுத்திருந்தாலும் எல்லா பாக்கெட்டும் (டேட்டாவின் சிறு துண்டும்) வந்த கையோடு போய்விடும். நெரிசல் ஏற்படும் அந்தச் சில மில்லிசெகண்டுகளில் யாரைக் காக்க வைப்பது, யாரைக் கீழே போடுவது என்பதற்குத்தான் க்யூஓஎஸ்.

அப்படியென்றால் எங்கள் இடத்துக்குத் தேவையா இல்லையா?

நெரிசல் எங்கே என்று பார்க்காமல் சொல்ல முடியாது. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு ஹோட்டலில் நடந்ததைச் சொல்கிறேன். முகப்பில் ரிசப்ஷன், அங்கே ஒரு ஸ்விட்ச். மூன்றாங்கட்டுக்குப் பின்னால் அடுப்படியை ஒட்டி இன்னொரு ஸ்விட்ச். அதில் பின்கட்டு அறைகளின் போன்கள், வைஃபை, 22 கேமராக்கள். கல்யாண சீசனில் பின்கட்டு அறையிலிருந்து ரிசப்ஷனுக்குப் பேசினால் குரல் வெட்டி வெட்டி வருகிறது. மேனேஜர் எங்கேயோ படித்துவிட்டு, "தம்பி, வாய்ஸுக்கு க்யூஓஎஸ் போட்டா சரியாயிடுமாம்" என்றார்.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே கண்ணில் பட்டது: இரண்டு ஸ்விட்ச்சையும் இணைக்கும் போர்ட்டில் பச்சை விளக்குக்குப் பதில் ஆரஞ்சு. உள்ளே போய்ப் பார்த்தால் 1000க்குப் பதில் 100 எம்பிபிஎஸ். ஓட்டுக்கு அடியில் போகும் கேபிளை இழுத்துப் பார்த்தோம். அணில் கடித்திருக்கிறது. நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் அறுந்து, ஆரஞ்சும் பச்சையும் மட்டும் மிச்சம். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். அதனால் ஸ்விட்ச் யாரிடமும் சொல்லாமல் 100க்கு இறங்கி வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் என்றால் 22 கேமராவுக்கு 88. மீதி 12ல்தான் விருந்தினர் வைஃபையும் போனும். கேபிளை மாற்றினோம், குரல் தெளிந்துவிட்டது. அன்றைக்கு க்யூஓஎஸ்ஸில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

அதனால் முதலில் கேபிள், அப்புறம் லிங்க் வேகம், அதன்பிறகுதான் மற்றது. இணைப்பை முழு கிகாபிட்டுக்குக் கொண்டுவந்தாலே தீரும் பிரச்சினைக்கு க்யூஓஎஸ்ஸால் ஒட்டுப் போடாதீர்கள்.

நெரிசல் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேகம் மாறும் இடத்தையும், பல போர்ட்டுகள் ஒரே போர்ட்டில் வந்து விழும் இடத்தையும் தேடுங்கள். கிகாபிட்டில் வந்து 100ல் வெளியேறும் போர்ட், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மாடியில் வைத்த வயர்லெஸ் இணைப்பு, ஸ்விட்ச்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் வழி. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த போர்ட்டின் 'அவுட்புட் ட்ராப்ஸ்' எண்ணிக்கையை எழுதி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் அங்கே பாக்கெட் விழுகிறது. போர்ட் சராசரியாக 10 சதவீதம்தான் ஓடுகிறது என்று காட்டினால் அதை நம்பி உட்கார வேண்டாம். அது ஐந்து நிமிடச் சராசரி. நடுவில் கால் செகண்டு முழுக்க நிரம்பி வழிந்தாலும் சராசரியில் தெரியாது, ட்ராப் எண்ணிக்கையில் தெரியும்.

எது குரல், எது வீடியோ என்று ஸ்விட்ச்சுக்கு எப்படித் தெரியும்?

பாக்கெட்டின் தலைப்பில் இருக்கும் முத்திரையைப் பார்த்து. இரண்டு இடத்தில் முத்திரை உண்டு. ஒன்று சிஓஎஸ். 802.1க்யூ வீலேன் டேக்கில் 3 பிட், 0 முதல் 7 வரை. டேக் இல்லாத பாக்கெட்டில் இந்த முத்திரைக்கு இடமே கிடையாது. ரவுட்டரைத் தாண்டினால் டேக்கோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

இன்னொன்று டிஎஸ்சிபி. ஐபி தலைப்பில் 6 பிட், 0 முதல் 63 வரை. இது பாக்கெட்டோடு கடைசி வரை பயணம் செய்யும், நடுவில் யாரும் மாற்றாத வரை. புதிதாகப் போடுவதென்றால் டிஎஸ்சிபியை வைத்தே போடுங்கள்.

'ட்ரஸ்ட்' என்று ஒன்று கேட்கிறதே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம். ஐபி போனும் 46 (குரலுக்கான டிஎஸ்சிபி எண்) என்று குத்தும், ஒரு கல்லூரிப் பையனின் லேப்டாப்பில் டவுன்லோட் செய்யும் மென்பொருளும் 46 என்று குத்த முடியும். எந்த போர்ட்டில் வரும் முத்திரையை அப்படியே ஏற்பது, எதில் அழித்துவிட்டு 0 போடுவது என்று சொல்வதுதான் ட்ரஸ்ட். போன், சர்வர், இன்னொரு ஸ்விட்ச் இருக்கும் போர்ட்டை நம்பலாம். விருந்தினர் வைஃபையையும் பொது கம்ப்யூட்டர்களையும் நம்பக்கூடாது. போனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் மாட்டியிருந்தால் போனை மட்டும் நம்பச் சொல்லும் வசதி பல ஸ்விட்ச்களில் உண்டு.

நான் இதில் நன்றாகவே அடிபட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜவுளிக்கடையில் 24 போர்ட் ஸ்விட்ச்சில் க்யூஓஎஸ்ஸை 'ஆன்' செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் போன் முன்பை விட மோசம். அந்த ஸ்விட்ச்சில் க்யூஓஎஸ்ஸை ஆன் செய்த கணமே எல்லா போர்ட்டும் நம்பிக்கையற்றதாகிவிடும். போன் குத்திய 46ஐ எல்லாம் 0 ஆக்கி, பில் போடும் கம்ப்யூட்டரோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது. தப்பு ஸ்விட்ச்சுடையது இல்லை; கையேட்டில் இருந்ததை நான்தான் படிக்கவில்லை.

எதற்கு என்ன எண் கொடுப்பது?

குரலுக்கு 46. இதற்கு 'ஈஎஃப்' என்று பெயர், பைனரியில் 101110. போன் மணியடிப்பது, எடுப்பது, வைப்பது போன்ற சிக்னலுக்கு 24. வீடியோ கூட்டத்துக்கு 34. பில்லிங், பிரவுசிங், மெயில் எல்லாம் 0. இரவில் ஓடும் பேக்கப், விண்டோஸ் அப்டேட் மாதிரி அவசரமில்லாதவற்றுக்கு 8. இவை 0க்கும் பின்னால் நிற்கட்டும்.

ஐந்து வகை போதும், சின்ன இடத்துக்கு மூன்றே போதும். ஸ்விட்ச்சில் எட்டு வரிசை இருக்கிறதே என்று எட்டு வகை பிரித்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. முதலாளியின் அறைக்கு முதல் இடம் வேண்டும் என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். முன்னுரிமை வேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஒருவருக்குக் கொடுத்தால் மறுநாள் பங்காளி எல்லோரும் வந்து நிற்பார்கள்.

குரலுக்கு எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்?

நினைப்பதை விடக் குறைவு. ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்குச் செகண்டுக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் தலைப்பு, ஈதர்நெட்டுக்கு இன்னொரு 18. கூட்டினால் ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ். ஒரே நேரத்தில் 20 பேர் பேசினாலும் 2 எம்பிபிஎஸ்ஸைத் தொடாது. குரலுக்கு அளவு பிரச்சினையில்லை, தாமதம்தான் பிரச்சினை. ஒரு திசையில் 150 மில்லிசெகண்டுக்குள் போக வேண்டும் என்பது ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள்.

ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டி நல்லதா, வெயிட்டட் ரவுண்ட் ராபின் நல்லதா?

இரண்டும் வேண்டும். ஸ்ட்ரிக்ட் என்றால் முதல் வரிசையில் ஒருவர் நின்றால்கூட மற்ற வரிசைகளுக்கு இலை போட மாட்டார்கள். வெயிட்டட் என்றால் இந்த வரிசைக்கு நாலு, அதற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று என்று முறைவைத்துப் பரிமாறுவார்கள். யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

குரலை மட்டும் ஸ்ட்ரிக்டில் வையுங்கள். அது 2 எம்பிபிஎஸ்தான், யாருடைய சாப்பாட்டையும் பறிக்காது. மற்ற எல்லாம் வெயிட்டடில்.

சிசிடிவி முக்கியம்தானே, அதை முதல் வரிசையில் வைத்தால் என்ன?

வைத்துப் பார்த்த ஒருவர் அழைத்துத்தான் நான் போனேன். 80, 90 எம்பிபிஎஸ் இடைவிடாமல் ஓடும் ஒன்றை 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் ஸ்ட்ரிக்ட் வரிசையில் வைத்தால் பில்லிங் சர்வர் பட்டினி. கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும், வாடிக்கையாளர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கேமராவுக்குத் தனி வீலேன், வெயிட்டடில் நடு வரிசை. முடிந்தால் ரெக்கார்டரைக் கேமராக்கள் இருக்கும் அதே ஸ்விட்ச்சில் மாட்டிவிடுங்கள். அந்தப் போக்குவரத்து அப்லிங்க் (ஸ்விட்ச்சை அடுத்த ஸ்விட்ச்சோடு இணைக்கும் வழி) பக்கமே வராது.

படிப்படியாக என்ன செய்ய வேண்டும்?

மெனுவின் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வரிசை மாறாது. போனுக்குத் தனி வீலேன் போட்டு, எல்எல்டிபி (பக்கத்துக் கருவிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முறை) வழியாகப் போனே அதைத் தெரிந்துகொள்ளும்படி விடுங்கள். போன் சர்வரில் குரலுக்கு 46 குத்துகிறதா என்று பாருங்கள். பல சர்வர்களில் அது ஒரு கட்டத்தில் எண் போடும் வேலைதான். அடுத்து ஸ்விட்ச்சில் ட்ரஸ்ட், அதை முடித்த பிறகு க்யூஓஎஸ்ஸை ஆன் செய்யுங்கள். கடைசியாக 46 எந்த வரிசைக்குப் போகிறது, அந்த வரிசை ஸ்ட்ரிக்டா என்று சரிபாருங்கள். இதை வழியில் இருக்கும் எல்லா ஸ்விட்ச்சிலும் செய்ய வேண்டும். நடுவில் ஒன்றை விட்டால் நெரிசல் சரியாக அங்கேதான் வரும்.

சிஸ்கோ 2960 வகை இன்னும் நிறைய இடத்தில் ஓடுகிறது, அதனால் அதற்கு மட்டும் தனியாக. 'எம்எல்எஸ் க்யூஓஎஸ்' என்ற கட்டளைதான் முழு ஸ்விட்ச்சுக்கும் சாவி. போர்ட்டில் 'எம்எல்எஸ் க்யூஓஎஸ் ட்ரஸ்ட் டிஎஸ்சிபி', 'பிரையாரிட்டி க்யூ அவுட்' இரண்டும் வேண்டும். டிஎஸ்சிபி 40 முதல் 47 வரை அதில் இயல்பாகவே முதல் வரிசைக்குப் போகும். ஆன் செய்ததும் போர்ட்டின் பஃபர் (பாக்கெட் காத்திருக்கும் இடம்) நான்கு வரிசைக்கும் பங்கு பிரிக்கப்படுவதால், சாதாரண டேட்டாவில் முன்பு இல்லாத ட்ராப் வரலாம். பயப்பட வேண்டாம், அந்த வரிசைக்குப் பஃபர் பங்கைக் கூட்டிக் கொடுங்கள்.

சிஓஎஸ்ஸை நம்பும்படி வைத்தால் ஒரு பொறி இருக்கிறது. சிஓஎஸ் 5ஐ டிஎஸ்சிபி ஆக்கும்போது இயல்பு அட்டவணை 46 தராது, 40 தரும். அந்த ஸ்விட்ச்சில் வேலை நடக்கும், 46ஐத் தேடும் அடுத்த கருவியில் நடக்காது. அட்டவணையில் ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்தது.

வைஃபையில் பேசும் போன்களுக்கு இது உதவுமா?

ஸ்விட்ச் வரைக்கும்தான். காற்றில் போகும்போது டபிள்யூஎம்எம் என்ற வேறு முறை: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நான்கு வகை. பல ஆக்சஸ் பாயிண்ட்டுகள் (வைஃபை பெட்டிகள்) டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்து வகை பிரிக்கும். 46ன் முதல் மூன்று பிட் 101, அதாவது 5. டபிள்யூஎம்எம்மில் 5 என்பது வீடியோ. குரல் என்றால் 6, 7. ஆக, குரலுக்கென்று நீங்கள் குத்திய முத்திரை காற்றில் வீடியோ ஆகிவிடுகிறது. 46க்கு 6 கொடுக்க வேண்டும் என்று 2018ல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்கிறது. உங்கள் ஆக்சஸ் பாயிண்ட்டில் அந்த அட்டவணை திறந்திருந்தால் மாற்றுங்கள்.

இதையெல்லாம் விட நம் ஊரில் பெரிய எதிரி சுவர்தான். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் முழங்கை நீளம் இருக்கும். வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) வைத்த ஆக்சஸ் பாயிண்ட் பக்கத்து அறைக்குள் எட்டாது. சிக்னல் மங்கிய இடத்தில் முன்னுரிமை பேசிப் பயனில்லை. கட்டுக்கு ஒரு ஆக்சஸ் பாயிண்ட், ஒவ்வொன்றுக்கும் கேபிள். தேக்குச் சட்டத்தில் ஆணி அடிக்காமல் எப்படி இழுப்பது என்பது தனிக் கதை.

"தம்பி, பேரன் சிங்கப்பூர்ல இருந்து வீடியோல பேசுனா அவன் மூஞ்சி அப்படியே நின்னுபோகுது. ஸ்விட்ச்சுல சரிபண்ண முடியுமா?"

பள்ளத்தூரில் ஒரு ஆச்சி கேட்டது. முடியாது ஆச்சி, அதை ரவுட்டரில்தான் செய்ய வேண்டும் என்றேன்.

வீட்டுக்குள் எல்லாம் கிகாபிட். வெளியே போகும் வழியோ 20 எம்பிபிஎஸ் அப்லோட். ரவுட்டருக்கு வெளியே உள்ள இணைப்புப் பெட்டியில் 1 எம்பி பஃபர் நிரம்பி நிற்கிறது என்று வைத்தால், 80 லட்சம் பிட்டை 20 எம்பிபிஎஸ்ஸில் தள்ளி முடிக்க 400 மில்லிசெகண்டு. ஆச்சியின் போன் எடுத்த 300 கல்யாணப் படங்கள் கூகுளுக்கு ஏறும்போது நடப்பது இதுதான். ரவுட்டரில் அப்லோடை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்கு ஷேப் செய்தால் (அதற்கு மேல் வருவதை நிறுத்தி வைத்து மெதுவாக விட்டால்) வரிசை அந்தப் பெட்டியில் நிற்காது, நம் ரவுட்டரில் நிற்கும். நம் கையில் நிற்கும் வரிசையைத்தான் நாம் பிரிக்க முடியும்.

முத்திரையை இண்டர்நெட் கம்பெனிகள் பெரும்பாலும் மதிப்பதில்லை. சிங்கப்பூர் வரை 46 போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

போலீசிங், ஷேப்பிங் இரண்டும் ஒன்றா?

இல்லை. அளவைத் தாண்டியதைப் போலீசிங் தூக்கி எறியும், ஷேப்பிங் நிறுத்தி வைத்து மெதுவாக விடும். விருந்தினர் வைஃபைக்கு உச்சவரம்பு போடப் போலீசிங் போதும்.

ஃப்ளோ கண்ட்ரோலை ஆன் செய்யலாமா?

குரல் போகும் இடத்தில் வேண்டாம். ஃப்ளோ கண்ட்ரோலில் மறுமுனை 'கொஞ்சம் நிறுத்து' என்று அனுப்பும் 802.3எக்ஸ் 'பாஸ்' வந்தால் அந்த போர்ட்டில் எல்லாமே நிற்கும், குரலும் சேர்த்து. நீங்கள் பிரித்த வரிசையெல்லாம் வீண்.

மேனேஜ் செய்ய முடியாத சாதா ஸ்விட்ச் வைத்திருக்கிறோம். வழி இருக்கிறதா?

அட்டைப்பெட்டியில் 802.1பி (சிஓஎஸ் முத்திரைதான்) என்று அச்சிட்டிருந்தால் டேக்கோடு வரும் முத்திரையைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் எதையும் மாற்ற முடியாது. நெரிசல் உள்ள இடத்தில் இருக்கும் ஒரே ஒரு ஸ்விட்ச்சை மட்டும் மாற்றினால்கூடப் போதும், எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவரிடம் இரண்டு முறை யோசித்துவிட்டுப் பேசுங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

நெரிசலை நீங்களே உண்டாக்குங்கள். இரண்டு லேப்டாப்பில் ஐபெர்ஃப் (வேகம் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டி அப்லிங்க்கை நிரப்பிவிட்டு, அதன் வழியாகப் போனில் பேசுங்கள். ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணட்டும்; எண் விட்டுப்போனால் காதே சொல்லிவிடும். அதே நேரம் ஸ்விட்ச்சில் வரிசைவாரியாக எண்ணிக்கையைப் பாருங்கள். குரல் வரிசையில் பாக்கெட் ஏற வேண்டும், ட்ராப் 0வில் நிற்க வேண்டும். ட்ராப் எல்லாம் சாதாரண வரிசையில் விழ வேண்டும். குரல் வரிசையில் எண்ணே ஏறவில்லை என்றால் முத்திரை வழியில் எங்கோ அழிகிறது. மறுமுனை போர்ட்டை மிரர் செய்து (அதன் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து) வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளில் டிஎஸ்சிபி 46ஆ 0வா என்று பாருங்கள். 0 என்றால் ஒவ்வொரு ஸ்விட்ச்சாகப் பின்னோக்கி வாருங்கள்.

ஓய்வான செவ்வாய்க்கிழமை காலையில் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று கையெழுத்து வாங்குவது சோதனை இல்லை.

எல்லாம் சரியாக இருந்தது. கரண்ட் போய் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது. ஏன்?

சேமிக்கவில்லை. பல ஸ்விட்ச்களில் மாற்றியது உடனே அமலுக்கு வரும், ஆனால் 'சேவ்' கொடுக்காத வரை நினைவில் மட்டும்தான் இருக்கும். சேவ் கொடுத்துவிட்டு, நீங்கள் அங்கே இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அமைப்புக் கோப்பின் நகல் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து ரிசப்ஷன் மேஜை டிராயரில் வையுங்கள். நான் போகும் இடங்களில் அந்த டிராயரில்தான் சாவிக்கொத்து இருக்கும், அதனால் தொலையாது.